மைல்ஸ் டிக்கெட்: 'கன்ஃபர்ம்' என்ற மின்னஞ்சலை மட்டும் நம்பி யாரையும் விமான நிலையத்துக்கு அனுப்பாதீர்கள்

வீட்டில் யாருக்காவது பிரசவம் நெருங்குகிறது, சேர்த்து வைத்த மைல்ஸில் (பணத்துக்குப் பதிலாகக் கொடுத்து விமான டிக்கெட் எடுக்கக்கூடிய புள்ளிகள்) அம்மாவையோ மாமியாரையோ அவசரமாக அனுப்பிவிடலாம் என்று நினைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விமான டிக்கெட்டுக்கு 13 இலக்கத்தில் ஓர் எண் உண்டு. அந்த எண் கைக்கு வரும்வரை உங்களிடம் டிக்கெட் இல்லை. ஆறு எழுத்தில் புக்கிங் குறியீடு வந்திருக்கலாம். 'கன்ஃபர்ம்' என்று மின்னஞ்சல் வந்திருக்கலாம். வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் "கவலையே வேண்டாம், நேரே ஏர்போர்ட்டுக்குப் போங்க" என்று சொல்லியிருக்கலாம். இவை எல்லாமே எங்களுக்கும் கிடைத்தன. அம்மாவால் விமானம் ஏற முடியவில்லை.

தங்கைக்கு இது முதல் பிரசவம். மருத்துவர் சொன்ன தேதிக்கு இன்னும் வாரக்கணக்கில் இருந்ததால், அதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேரும்படி அம்மாவுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தோம். விசா தயாராக இருந்தது. அப்போதுதான் 35-வது வாரத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது, மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம் என்று மாப்பிள்ளை போன் செய்தார். எந்த நேரமும் குழந்தை பிறக்கலாம் என்ற நிலை. அங்கே அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்துதான். 37-வது வாரத்துக்கும் 42-வது வாரத்துக்கும் நடுவில் எப்போது பிறந்தாலும் அது இயல்பான பிரசவமே. அதற்கும் முன்பே பிறக்கும் குழந்தைகளும் நிறைய. ஆகவே பிரசவத்துக்கான பயணம் கடைசி நேரப் பயணமாக மாறுவது யார் வீட்டிலும் நடக்கும்.

அடுத்த நாள் விமானத்துக்குப் பணம் கொடுத்து வாங்கும் டிக்கெட்டின் விலை, வழக்கமாகக் கொடுப்பதைப் போலப் பல மடங்கு இருந்தது. என் கிரெடிட் கார்டில் பல வருடங்களாகச் சேர்ந்த பாயின்ட் இருந்தது, அதை விமான நிறுவனத்தின் மைல்ஸாக மாற்றிக்கொள்ளலாம். மைல்ஸ் உண்மையிலேயே உதவக்கூடிய இடம் இதுதான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-இல் தன் மைலேஜ் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, இந்தத் தூரத்துக்கு இத்தனை மைல் என்று அட்டவணை போட்டுத் தருவது பல காலம் பொது வழக்கமாக இருந்தது. டெல்டா 2015-இல் அந்த அட்டவணையை எடுத்துவிட்டது, யுனைடெட் 2019-இல் எடுத்தது. அப்படி எடுத்துவிட்ட திட்டங்களில், பண விலை ஏறினால் மைல் விலையும் ஏறும். அட்டவணையை இன்னும் வைத்திருக்கும் திட்டங்களில், நாளைக்கே பறந்தாலும் ஆறு மாதம் கழித்துப் பறந்தாலும் பெரும்பாலும் ஒரே மைல்தான். விற்காமல் மிஞ்சிய சீட்டுகளைச் சில நிறுவனங்கள் கடைசி நாட்களில்தான் மைல்ஸுக்குத் திறந்துவிடுகின்றன. சீட் இருந்தால் பெரிய லாபம்.

நாங்கள் தேடியபோது சீட் இருந்தது. ஒரு திட்டத்தின் இணையதளத்தில், அதன் பார்ட்னர் ஏர்லைன் (அந்த மைல்ஸை ஏற்றுக்கொள்ளும் வேறொரு நிறுவனம்) ஓட்டும் விமானத்தில், ஒரே ஒரு இடத்தில் மாறிப் போகிற பயணம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

பாயின்டை மாற்றுவதற்கு முன்பே அந்தத் திட்டத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து கேட்டேன். வங்கியிலிருந்து விமான நிறுவனத்துக்கு ஒருமுறை மாற்றிய பாயின்டைத் திரும்ப வங்கிக்குக் கொண்டுவர முடியாது. அதனால் சீட் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். பார்த்தார், இருக்கிறது என்றார். அம்மாவின் பெயரில் எடுக்கலாமா என்று கேட்டேன், தாராளமாக எடுக்கலாம் என்றார். மாற்றினேன். மைல்ஸ் உடனே வந்து சேர்ந்தது. புக் செய்து, வரியையும் எரிபொருள் கட்டணத்தையும் கார்டில் கட்டினேன். 'உங்கள் புக்கிங் கன்ஃபர்ம் ஆகிவிட்டது' என்று மின்னஞ்சலும் வந்தது, ஆறு எழுத்துக் குறியீட்டோடு.

அந்த மின்னஞ்சலின் அடியில், சின்ன எழுத்தில், டிக்கெட் நிலை: 'செயலாக்கத்தில் உள்ளது' என்று ஒரு வரி. அதைப் பார்த்துவிட்டு மறுபடி போன் செய்தேன். பார்ட்னர் விமானம் என்றால் சிஸ்டம் கொஞ்சம் நேரம் எடுக்கும், அது வழக்கம்தான், அம்மாவைக் கிளம்பச் சொல்லுங்கள் என்றார்கள். சில மணி நேரம் கழித்து இன்னொருவரிடம் கேட்டபோதும் அதே பதில்.

செக்-இன் கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினார். "அம்மா, உங்க பேர்ல ரிசர்வேஷன் இருந்திருக்கு. ஆனா டிக்கெட் இல்ல. டிக்கெட் இல்லாம நான் போர்டிங் பாஸ் போட முடியாது." நான் மைலேஜ் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். விமானத்தை ஓட்டும் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். கவுன்டரில், டிக்கெட் போட வேண்டியது அவர்கள்தான், எங்களால் தொட முடியாது என்றார்கள். கவுன்டரில் சொன்னதுதான் சரி. ஆனால் அதைப் போனில் இருப்பவருக்குப் புரியவைப்பதற்குள், மேலதிகாரிக்கு மாற்றுகிறேன் என்று காத்திருப்பில் போட்டுவிட்டார். கவுன்டர் மூடிவிட்டது. அம்மா தன் பெட்டியோடு வெளியே வந்து எனக்குப் போன் செய்தபோது அழவில்லை. "தங்கச்சிகிட்ட எப்படி சொல்றது" என்று மட்டும் கேட்டார்.

அன்று இரவே குழந்தை பிறந்துவிட்டது.

என்ன நடந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். இதைப் புரிந்துகொண்டால் நீங்கள் தப்பிக்கலாம். ரிசர்வேஷன் வேறு, டிக்கெட் வேறு. ரிசர்வேஷன் என்பது இந்த விமானத்தில் இன்னாருக்கு ஒரு சீட் ஒதுக்கி வை என்ற பதிவு. அதைத்தான் பி.என்.ஆர். என்கிறோம். டிக்கெட் என்பது அந்தப் பயணத்துக்கான விலை கட்டப்பட்டது, ஏற்றிக்கொள்ளலாம் என்ற ஆவணம். பணம் கொடுத்து வாங்கும்போது இரண்டும் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால் நமக்கு வித்தியாசமே தெரிவதில்லை. பார்ட்னர் விமானத்தில் மைல்ஸ் டிக்கெட் என்றால், உங்கள் மைல்ஸ் திட்டத்தின் கணினி மற்ற நிறுவனத்தின் கணினியிடம் சீட் கேட்க வேண்டும், அது ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு உங்கள் திட்டத்தை நடத்தும் நிறுவனம் டிக்கெட்டை வெளியிட வேண்டும். நடுவில் எந்தக் கண்ணி அறுந்தாலும் புக்கிங் மட்டும் நிற்கும், டிக்கெட் இருக்காது. குறிப்பிட்ட நேரத்துக்குள் டிக்கெட் வராவிட்டால், விமானத்தை ஓட்டும் நிறுவனத்தின் கணினி அந்தச் சீட்டைத் தானாகவே விடுவித்துவிடும். யாரும் உங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள். எங்கள் சீட் போனது இப்படித்தான்.

சில நேரம் சீட்டே நிஜமாக இருக்காது. பழைய தகவலை வைத்துக்கொண்டு இணையதளம் இருப்பதாகக் காட்டும். அதே சீட், அந்த ஏர்லைன் சேர்ந்திருக்கும் விமான நிறுவனக் கூட்டணியில் உள்ள வேறொரு நிறுவனத்தின் தளத்திலும் தெரிகிறதா என்று பார்ப்பது ஓரளவு நம்பகமான சோதனை.

சரி, எதைப் பார்ப்பது? 13 இலக்க டிக்கெட் எண். அதன் முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தின் குறியீடு: ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒன்று. விமானத்தை ஓட்டும் நிறுவனத்தின் குறியீடு அங்கே இருக்காது, உங்கள் மைல்ஸ் யாரிடம் இருக்கிறதோ அவர்களுடையது இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்த எண் வந்த பிறகு, விமானத்தை ஓட்டும் நிறுவனத்தின் தனி பி.என்.ஆரைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அது உங்களுக்கு வந்ததிலிருந்து மாறுபட்டிருக்கும். அதை அவர்களுடைய தளத்தில் போட்டுப் பாருங்கள், ஒரு போனும் போட்டு "டிக்கெட் எண் உங்க சிஸ்டத்துல ஏறியிருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். 'புக்கிங் இருக்கா?' என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

விமானம் போனதைவிட எனக்கு அதிகக் கோபம் வந்தது அதற்கு அப்புறம் நடந்ததில். அடுத்த நாள் அதே வழியில், அதே மைலுக்குச் சீட் திரையில் தெரிந்தது. எடுக்க முடியவில்லை. எங்கள் மைல்ஸ் கழிக்கப்பட்ட நிலையிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. டிக்கெட் போடாத பயணத்துக்கு மைல்ஸை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, அதைத் திரும்பப் போடுவது வேறு துறையின் வேலை, அவர்களுக்குப் போன் கிடையாது, மின்னஞ்சல்தான் என்றார்கள். பச்சைக் குழந்தையோடு ஒருத்தி மருத்துவமனையில் இருக்கிறாள், அவள் அம்மா போக வேண்டும் என்று எத்தனை விதமாகச் சொல்லியும் பயனில்லை. கடைசியில் இன்னும் கூடிப்போன விலையில், பணம் கட்டி ஒருவழி டிக்கெட் எடுத்து அம்மாவை அனுப்பினோம். வாங்கியதும் முதல் வேலையாக 13 இலக்க எண்ணைப் பார்த்தேன்.

உங்கள் நிலையும் 'செயலாக்கத்தில்' என்று நின்றால், "டிக்கெட்டிங் பிரிவுக்கு மாற்றுங்கள், நான் லைனில் இருக்கும்போதே டிக்கெட் போடுங்கள்" என்று கேளுங்கள். முதலில் எடுப்பவர்கள் பலருக்கு அந்த அதிகாரமே கிடையாது. பேசியவர் பெயர், நேரம், குறிப்பு எண் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். மின்னஞ்சலையும் திரையையும் படமெடுத்து வையுங்கள். அமெரிக்காவில் 24 மணி நேரத்துக்குள் இலவசமாக ரத்து செய்யலாம் என்ற அரசு விதி இருப்பது பலருக்குத் தெரியும். புறப்பாட்டுக்கு ஏழு நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது எடுத்த டிக்கெட்டுக்குத்தான் அது கட்டாயம். நாளைக்குப் பறக்கும் டிக்கெட்டை அதை நம்பி எடுக்காதீர்கள்.

யாருக்கு எடுக்கலாம் என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். சில திட்டங்களில் யாருக்கும் எடுக்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸ் திட்டத்தில் முதலில் ஒரு பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும், ஐந்து பேர் வரைதான். ஜப்பானின் ஏ.என்.ஏ. விமான நிறுவனத்தில் வாழ்க்கைத் துணையும் இரண்டாம் நிலை வரையிலான நெருங்கிய உறவினர்களும்தான்: பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர் போன்றவர்கள். சித்திக்கும் அத்தைக்கும் அங்கே எடுக்க முடியாது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் சித்தி போகிற வீடுகள் எத்தனையோ உண்டு. பெயர் சேர்ப்பது, உறவுக்குச் சான்று தருவது எல்லாம் வலி எடுத்த பிறகு செய்கிற வேலை இல்லை.

அந்தப் பரபரப்பில் "என்னிடம் மைல்ஸ் இருக்கிறது, பாதி விலைக்கு எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் மாப்பிள்ளைக்குச் செய்தி அனுப்பினார். வேண்டாம் என்றோம். மைல்ஸை விற்பதைத் திட்டங்கள் தங்கள் விதிகளில் தடை செய்திருக்கின்றன. கண்டுபிடித்தால் கணக்கை முடக்கி டிக்கெட்டையும் ரத்து செய்வார்கள், போகும் வழி முடிந்து திரும்பும் வழி பாக்கி இருந்தாலும்கூட. நடுவழியில் நிற்பது உங்கள் அம்மாவாக இருப்பார்.

நேரம் இருப்பவர்கள் தேதிக்குக் காத்திருக்காமல், இப்போதே ஒரு மைல்ஸ் டிக்கெட்டை எடுத்து வைத்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம். பல திட்டங்களில் மைல்ஸ் டிக்கெட்டை ரத்து செய்தால் சிறு கட்டணம் போக மைல்ஸ் கணக்குக்கே திரும்பிவிடும், சிலவற்றில் கட்டணமும் இல்லை. எண்ணோடு வெளியான டிக்கெட்டின் தேதியை மாற்றுவது, கடைசி நாளில் புதிதாக ஒன்றை எடுப்பதைவிட எவ்வளவோ பாதுகாப்பு. மாற்றும்போதும் இதே சிக்கல் வரலாம். தேதி மாற்றினால் டிக்கெட் மறுபடி வெளியாக வேண்டும், ஆகவே எண்ணை மறுபடி சரிபாருங்கள்.

எங்கள் புகாருக்கு வந்த பதில் ஒரு மன்னிப்பும் கொஞ்சம் கூடுதல் மைல்ஸும். கழித்த மைல்ஸும் வரியும் தாமதமாகத் திரும்பி வந்தன. நாங்கள் பணம் கட்டி வாங்கிய டிக்கெட்டின் விலையைத் தர மறுக்கிறார்கள், டிக்கெட்டே வெளியாகாததால் ஏற்ற மறுத்ததாகக் கணக்கில்லை என்பது அவர்கள் வாதம். விமானப் பயணிகளுக்கான இழப்பீடு பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி மைல்ஸ் டிக்கெட்டுக்கும் பொருந்தும், டிக்கெட் மட்டுமல்ல, பதிவு ஏற்கப்பட்டதைக் காட்டும் வேறு சான்றும் போதும் என்கிறது. எங்கள் பயணம் அந்த எல்லைக்குள் வரவில்லை. உங்களுடையது ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டால், அந்த 'கன்ஃபர்ம்' மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள், இழப்பீடு கேட்கும்போது முதல் சான்றாக அதைத்தான் வைக்க வேண்டும். நாங்கள் தொலைபேசி உரையாடல்களின் பதிவைக் கேட்டு எழுதியிருக்கிறோம். இருக்கிறது, டிக்கெட் வந்துவிடும், கிளம்புங்கள் என்று அவர்கள் சொன்னதெல்லாம் அதில் இருக்கும்.