நான்கு டொமைன், ஒரு சர்வர்: டேட்டாபேஸ் ஒன்றா, நான்கா?

நான்கு டொமைன்களை ஒரே சர்வரில் நடத்துகிறேன். முதல் இரண்டு வருடம் நான்கும் ஒரே வேர்ட்பிரஸ் மல்டிசைட்டில் (ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்களை நடத்தும் முறை), ஒரே டேட்டாபேஸில் இருந்தன. இப்போதும் சர்வர் ஒன்றுதான். ஆனால் தளத்துக்கு ஒரு வேர்ட்பிரஸ், தளத்துக்கு ஒரு டேட்டாபேஸ் என்று பிரித்துவிட்டேன். பிரித்தது நல்லது என்பதே என் கட்சி.

சர்வர் அளவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த டொமைனைக் கேட்கிறோம் என்று பிரவுசரே, கோரிக்கையோடு அனுப்பும் ஹோஸ்ட் ஹெடர் என்ற குறிப்பில் சொல்லிவிடுகிறது. அதைப் பார்த்து அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர் மென்பொருள் உரிய ஃபோல்டருக்கு அனுப்பும். ஒரு ஐபி முகவரி போதும்.

மல்டிசைட்டின் வசதி உண்மையானது. 2010-இல் வேர்ட்பிரஸ் 3.0-உடன் வந்தது; 2016-இல் 4.5 வந்தபிறகு சொந்த டொமைன் இணைக்கத் தனி ப்ளக்இன்கூடத் தேவையில்லை. ஒருமுறை அப்டேட் செய்தால் எல்லாத் தளங்களுக்கும் ஆச்சு. பயனர் பட்டியலும் ஒன்றே. ஆனால் ஒரு லாகினில் நான்கு தளத்துக்கும் போய்விடலாம் என்று எண்ண வேண்டாம்: லாகினை நினைவில் வைக்கும் குக்கீ டொமைனோடு கட்டுண்டது, டொமைன் வேறானால் மறுபடி உள்நுழையத்தான் வேண்டும்.

என்னை மாற்றியது பேக்கப். மூன்றாம் தளத்தில், டேட்டாபேஸை நேரடியாக மாற்றும் ஒரு எஸ்க்யூஎல் கட்டளையைத் தவறான நிபந்தனையோடு ஓட்டி, பதிவுகளின் உரையை அழித்துவிட்டேன். முந்தைய இரவின் பேக்கப் கையில் இருந்தது, ஆனால் நான்கு தளங்களும் சேர்ந்த ஒரே ஃபைலாக. அதை அப்படியே ஏற்றினால், மற்ற மூன்று தளங்களிலும் காலையிலிருந்து வந்த கமெண்ட்டுகள் போய்விடும். வேறொரு காலி டேட்டாபேஸில் ஏற்றி, பெயரின் முன்னொட்டில் அந்தத் தளத்தின் எண்ணான 3 உள்ள டேபிள்களை மட்டும் பொறுக்கி எடுத்து மாற்றி வைத்தேன். முடிய நள்ளிரவு ஆனது. பிரித்து வைத்திருந்தால் அந்த ஒரு டேட்டாபேஸை மீட்டால் போதும், சில நிமிட வேலை.

ஒரு தளத்தை வெளியே எடுத்து இன்னொருவரிடம் ஒப்படைப்பதும் இதே பாடுதான். டேபிள் பெயர்களில் உள்ள அந்த எண் முன்னொட்டை மாற்ற வேண்டும். பயனர்கள் பொது டேபிளில் இருப்பதால் அந்தத் தளத்துக்கு உரியவர்களைப் பிரிக்க வேண்டும். அவர்களுடைய அனுமதிகள் பதிவாகியிருக்கும் பெயர்களிலும் அதே முன்னொட்டு ஒளிந்திருக்கிறது. அதை விட்டுவிட்டால் லாகின் ஆகும், அட்மின் பக்கம் மட்டும் திறக்காது. படங்களும் தளத்தின் எண் போட்ட தனி ஃபோல்டரில் இருக்கும், பதிவுகளில் உள்ள முகவரிகளையும் திருத்தியாக வேண்டும்.

பிரித்து வைப்பதில் செலவு இல்லாமல் இல்லை. ஒரே வேர்ட்பிரஸ் நிரல் நான்கு பிரதிகளாக டிஸ்க்கிலும் மெமரியிலும் உட்காரும். அப்டேட்டும் நான்கு முறை. அதற்கு டபிள்யூபி-சிஎல்ஐ (வேர்ட்பிரஸைக் கட்டளை வரியிலிருந்து இயக்கும் கருவி) கட்டளையை நான்கு ஃபோல்டர்களிலும் ஓட்டும் சின்ன ஸ்கிரிப்ட் போதுமானதாக இருக்கிறது. அப்புறம், ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனி யூசர், தனி பாஸ்வேர்டு கட்டாயம். எல்லாவற்றுக்கும் ஒரே யூசரைக் கொடுத்தால், ஒரு தளத்தில் புகுந்தவர் மற்ற மூன்றையும் படித்துவிடலாம்.

என் அனுபவம் நான்கு தளங்களோடு சரி. ஒரே தோற்றம், ஒரே நிர்வாகி, ஐம்பது துறைகளுக்கு ஐம்பது தளம் என்றால் கணக்கு மாறலாம். அங்கே நானும் முதலில் மல்டிசைட்டைத்தான் பார்ப்பேன்.

இப்போது இரவில் நான்கு பேக்கப் ஃபைல்கள் தனித்தனியாக உருவாகின்றன. மாதம் ஒருமுறை ஏதாவது ஒன்றை லேப்டாப்பில் ஏற்றி, தளம் எழுந்து நிற்கிறதா என்று பார்க்கிறேன்.