எஃப்.சி.யில் ஸ்பிளெண்டர்: எது மாட்டும், எது தப்பும்

என்னிடம் இருப்பது 2009-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் ப்ளஸ். 97.2 சிசி, நாலு கியர், கிக்கர் மட்டும், முன்னும் பின்னும் டிரம் பிரேக். இரண்டு கம்பெனிகளும் பிரிவதாக 2010 டிசம்பரில் அறிவித்தார்கள். என் டேங்கில் இன்னும் அந்தப் பழைய இரட்டைப் பெயர்தான். 15 வருடம் முடிந்ததும் 2024-இல் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சோதனை) காட்டி ஆர்.சி.யை (பதிவுச் சான்று) புதுப்பித்தாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் எங்கள் தெருவில் இதே வயது வண்டிகள் சிலவற்றை எஃப்.சி.க்குத் தயார் செய்யும்போது கூட நின்றிருக்கிறேன். மைலேஜ், பிக்கப் பற்றி இதில் ஒன்றும் இல்லை. ஸ்பிளெண்டர் மைலேஜ் தெரியாத யாரும் இதைப் படிக்க வந்திருக்க மாட்டார்கள்.

இந்த வண்டியை எஃப்.சி.யில் மாட்டிவிடுவது இன்ஜின் இல்லை. இன்ஜின் அளவுக்கு மீறிப் பொறுத்துப்போவதுதான் பிரச்சினையே. கிக்கர் மாடலில் ஸ்பார்க்குக்கு வேண்டிய கரண்ட், இன்ஜினோடு சுற்றும் காந்தத்தின் (மேக்னெட்) காயிலிலிருந்தே வந்துவிடுகிறது. பேட்டரி செத்துப்போனாலும், ஏன், கழற்றி வீட்டில் வைத்துவிட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஹெட்லைட்டும் காயில் கரண்டில் எரிவதுதான். ஐடிலில் மங்கும், முறுக்கினால் பளிச்சென்று வரும். வண்டி ஓடுகிறது, ராத்திரி வெளிச்சம் இருக்கிறது, அப்புறம் பேட்டரிக்கு எதற்குச் செலவு என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் அந்த 12 வோல்ட், 2.5 ஆம்பியர்-ஹவர் சின்ன பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பக்கத்தில் வந்ததும் போடச் சொல்வதும் அந்த மூன்றைத்தான்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த உபயோக இருசக்கர வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம். அதன்பின் படிவம் 25-இல் விண்ணப்பித்து, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கொள்ள வேண்டும். தேதி முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரல் 1 முதல் மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 1,000 ரூபாய். அதற்கு முன் 300-தான் இருந்தது. தாமதித்தால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடுதலாக ஏறிக்கொண்டே போகும். வண்டியை மூலையில் போட்டு மறந்தவர்களுக்கு அடி விழுவது இந்த இடத்தில்தான். நம் தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. இன்ஷூரன்ஸ், பொல்யூஷன் சான்றிதழ் இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூல்காரரிடம் கொடுத்தால் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார். நேரம் இருப்பவர்கள் மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பணம் கட்டிவிட்டுத் தாங்களே வண்டியை ஓட்டிப்போகலாம். ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

சேசிஸ் நம்பர் பிரிண்ட் எடுப்பதை மட்டும் முந்தின நாளே முடித்துவிடுங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே ஸ்டியரிங் ஹெட் குழாயில் நம்பர் குத்தியிருக்கும். கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், வயரிங் எல்லாம் அந்தப் பக்கம்தான் உரசிக்கொண்டு போகின்றன. 15 வருடத்துத் தூசியும் ஆயிலும் சேர்ந்து அங்கே கறுப்பாக ஒரு தோல் பிடித்திருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் மெல்லிய தாளை ஒட்டிவைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்து ஒவ்வொன்றாக மேலே வரும். உப்புத்தாள் போட்டு மட்டும் தேய்க்காதீர்கள். பெயின்ட் போனால் அடுத்த மழைக்கே துரு ஏறும். துரு தின்ற நம்பரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். பெயின்ட் அடிக்கும்போது நம்பர் மேலேயே தடிமனாக அடித்துவிட்ட வண்டிகளும் உண்டு. அதைச் சுரண்டி எடுப்பது தனி வேலை.

அடிக்கடி மாட்டுவதில் முதலிடம் பின் பிரேக் லைட்டுக்கு. பல்பு நன்றாகத்தான் இருக்கும். கோளாறு பிரேக் பெடலுக்கு மேலே ஃபிரேமோடு ஒட்டி நிற்கும் விரல் அளவு ஸ்விட்சில். பெடலை மிதித்தால் ஒரு சின்ன ஸ்பிரிங் அதன் ஊசியைக் கீழே இழுக்கும், லைட் எரியும். அந்த ஸ்பிரிங் துருப்பிடித்து அறுந்து எங்கேயோ விழுந்திருக்கும், அல்லது நீண்டுபோய் ஊசியை இழுக்கும் தெம்பு இல்லாமல் தொங்கும். ஸ்பிரிங் இருந்தும் லேட்டாக எரிந்தால் ஸ்விட்சைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் நட்டைத்தான் திருப்ப வேண்டும். ஸ்விட்சையே பிடித்துத் திருகினால் உள்ளே வயர் முறுக்கி அறுந்துவிடும். முன் பிரேக் லீவருக்கு அடியிலும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. கையால் பிடித்தாலும் லைட் எரிய வேண்டும் என்பதே பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை. சோதனையை விட்டுவிடுங்கள், பின்னால் வருகிறவனுக்குத்தானே அந்த வெளிச்சம்.

அடுத்தது எல்.இ.டி. மோகம். ஹெட்லைட்டில் இருப்பது 35 வாட் பல்பு, மங்கல்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகச் சந்தையில் விற்கும் வெள்ளை எல்.இ.டி.யை மாட்டினால் இரண்டு தொல்லை. காயிலிலிருந்து வரும் ஏ.சி. கரண்டில் பல எல்.இ.டி.கள் ஐடிலில் படபடவென்று துடிக்கும். அதோடு, சாதா பல்புக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் வெளிச்சம் ஒழுங்காகக் குவியாமல் எதிரே வருகிறவர் கண்ணில் போய் அடிக்கும். ஹை பீம், லோ பீம் மாற்றிக் காட்டச் சொன்னால் வித்தியாசமே தெரியாது. இண்டிகேட்டருக்கு எல்.இ.டி. போட்டவர்களின் கதை வேறு. பழைய ஃபிளாஷர் பல்பு இழுக்கும் கரண்டை வைத்து விட்டுவிட்டு எரிய வைப்பது, எல்.இ.டி. இழுப்பது சொற்பம் என்பதால் டிக்டிக் என்று தறிகெட்ட வேகத்தில் அடிக்கும், இல்லாவிட்டால் அப்படியே நின்று எரியும். எஃப்.சி.க்கு முன்னால் பழைய பல்புகளைத் திரும்ப மாட்டிவிடுவதே சுலபம்.

நம்பர் பிளேட்டில் ஸ்டைல் எழுத்து, கழற்றி வீசிய கண்ணாடி, சத்தத்துக்காக மாற்றிய சைலன்ஸர், எடுத்துவிட்ட சேலை கார்டு, ஆர்.சி.யில் உள்ளதற்குச் சம்பந்தமே இல்லாத கலர். இவையெல்லாம் திருப்பி அனுப்பச் சரியான காரணங்கள். இதற்கு வண்டியைக் குற்றம் சொல்ல முடியாது.

புகைச் சோதனையில் இந்த வண்டி பெரும்பாலும் நம்மைக் கைவிடாது. 2000 மார்ச்சுக்குப் பின் தயாரான நான்கு ஸ்ட்ரோக் இருசக்கர வண்டிக்கு, இது போன்ற பழைய கார்புரேட்டர் காலத்து மாடலில், கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதமும் ஹைட்ரோகார்பன் 4,500 பிபிஎம்மும் உச்ச வரம்பு. ஒழுங்காக ட்யூன் செய்த ஸ்பிளெண்டர் இதற்குள் தாராளமாக நிற்கும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போய் மோனாக்சைடு ஏறும். டேப்பெட் (வால்வு இடைவெளி) கெட்டிப்பட்டோ பிளக் சரியாக அடிக்காமலோ இருந்தால் எரியாத பெட்ரோல் வெளியேறி ஹைட்ரோகார்பன் ஏறும். ரீடிங்கில் எது கூடியிருக்கிறது என்று பார்த்தாலே எங்கே கை வைப்பது என்று மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடும். குளிர்ந்த இன்ஜினோடு போய் நிற்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டுப் போவது நல்லது. சைலன்ஸரின் அடிப்பக்கம் ஓட்டை விழுந்திருந்தாலும் ரீடிங் சரியாக வராது. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் மாதிரி உப்பளக் காற்று அடிக்கும் ஊர்களில் சைலன்ஸரும் ரிம்மும்தான் முதலில் உயிரை விடும். நானும் அப்படி ஒரு கடலோர ஊர்க்காரன்தான்.

இவ்வளவும் கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிற சமாசாரங்கள். பல வருடம் ஓட்டியவன் என்ற முறையில் எனக்குள்ள குறை இந்தச் சோதனையின் ஆழத்தைப் பற்றியது. இந்த வயது ஸ்பிளெண்டரில் ஆளைக் கீழே தள்ளக்கூடிய தேய்மானங்கள் மூன்று. மூன்றுமே நிற்கும் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தால் தெரியாதவை.

முதலாவது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் ஸ்டியரிங் பேரிங். சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவர் பின்பக்கம் அழுத்த, முன் வீல் தரையை விட்டு எழும்பும். ஹேண்டிலை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பினால் நேராக வரும் இடத்தில் லேசாகப் பள்ளத்தில் விழுவது போல ஒரு பிடிப்பு கைக்குத் தெரியும். ஃபோர்க்கின் கீழ்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ‘டக்’ என்று கேட்கும். இப்படி இருக்கும் வண்டி நாற்பதில் நேராகப் போவதாகத் தோன்றும். குழியில் இறங்கி ஏறும்போது தன் இஷ்டத்துக்கு இழுக்கும். இரண்டாவது ஸ்விங் ஆர்ம் புஷ், அதாவது பின் வீலைத் தாங்கும் கை ஃபிரேமோடு சேரும் இடத்தில் உள்ள புஷ். பின் வீலைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் வீலோடு ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடும். வளைவில் பின்பக்கம் வழுக்குவது போல இருக்கிறது என்று டயரை மாற்றிவிட்டு, அப்படியும் தீராமல் அலைகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பிரேக். இதற்கு வண்டியிலேயே அடையாளம் வைத்திருக்கிறார்கள், யாரும் பார்ப்பதில்லை. டிரம்முக்கு வெளியே பிரேக் ஆர்ம் இணையும் இடத்தில் சின்ன அம்புக்குறி ஒன்றும், பிரேக் பிளேட்டில் ஒரு குறியும் இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடிக்கும்போது அம்பு அந்தக் குறியைத் தொட்டுவிட்டால் பிரேக் ஷூ முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஷூ தேயத் தேய நாம் ராட் நட்டை முறுக்கி முறுக்கி ஓட்டுகிறோம். பெடல் கெட்டியாக இருப்பதால் பிரேக் நன்றாக இருப்பதாகவே தோன்றும், சோதனையிலும் தேறிவிடும். ஷூ விலை சில நூறு ரூபாய்தான். கூடவே ஷூவை விரிக்கும் கேமைக் கழற்றித் துடைத்து லேசாக கிரீஸ் வைக்கச் சொல்ல வேண்டும். கேம் இறுகினால் பிரேக் பிடித்த பிடியிலேயே நின்று டிரம் சூடேறும்.

இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் வாங்கி மூன்று வருடம் ஆனதிலிருந்து வருடம் தவறாமல் எம்.ஓ.டி. சோதனை உண்டு. ஸ்டியரிங் பேரிங், ஸ்விங் ஆர்ம், வீல் பேரிங் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்ப்பது அந்தச் சோதனையிலேயே அடக்கம். நம் நாட்டில் பொல்யூஷனைத் தவிர 15 வருடத்துக்கு யாரும் வண்டியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. பார்த்த பிறகு இன்னும் ஐந்து வருடம் கேள்வி கிடையாது. தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகள் 2021-இல் வந்தன. மெஷினில் பிரேக் அளந்தால் அந்த அம்புக்குறிக்கு ஒருவேளை மரியாதை கிடைக்கலாம். அதுவரை எஃப்.சி. ஆன வண்டி என்பதை, ‘பேப்பர் சரியாக இருக்கும் வண்டி’ என்று மட்டும் எடுத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இன்ஜினைப் பற்றியும் ஓரிரு வரி. டைமிங் செயின் சத்தம் இந்த வயதில் வரும். டென்ஷனரோடு மாற்றினால் அடங்கிவிடும். ஸ்பீடோமீட்டர் முள் செத்துக்கிடந்தால் கேபிளை மட்டும் மாற்றாமல் முன் டிரம்மில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரத்தையும் பாருங்கள், பாதி நேரம் தேய்ந்திருப்பது அதுதான். செயின் பாக்கெட்டை (செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம்) மூன்றும் சேர்த்து செட்டாகவே மாற்றுவது லாபம். ஆயில் மட்டும் ஒழுங்காக மாற்றிவந்தால் சிலிண்டரைக் கடைந்து போர் செய்யும் பேச்சே வெகுகாலத்துக்கு எழாது.

பழைய ஸ்பிளெண்டர் வாங்கப் போகிறவர்கள் டேங்க் பளபளப்பைப் பார்க்காமல் ஆர்.சி.யில் தேதியைப் பாருங்கள். முடிந்து எத்தனை மாதம் ஆனதோ அத்தனை 300 ரூபாய் உங்கள் தலையில்தான் விழும். 20 வருடம் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக்கி இருக்கிறார்கள்; விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள். ஹாரனை அடித்துப் பாருங்கள். இன்ஜின் நிற்கும்போது கரகரத்து, முறுக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் பேட்டரி போய்விட்டது. மற்ற பராமரிப்பும் அந்த லட்சணத்தில்தான் நடந்திருக்கும்.

என் வண்டிக்கு அடுத்த எஃப்.சி. 2029-இல். அதற்குள் சைலன்ஸர் ஒன்று கட்டாயம் மாற்ற வேண்டியிருக்கும். ஸ்விங் ஆர்ம் புஷ்ஷை இந்த ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.