"விசிட்ல போங்க, அங்க மாத்திக்கலாம்" என்று சொல்லும் துபாய் ஏஜென்ட்கள்: எச்சரிக்கை

துபாய் வேலைக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் சொல்வதைக் கேட்டால், எல்லாம் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நடந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வரும்: வெல்டர், டிரைவர், ஸ்டோர் ஹெல்ப்பர், சாப்பாடும் ரூமும் ஃப்ரீ. ஊரில் தெரிந்தவர் ஒருவரே ஏஜென்ட்டிடம் கூட்டிப்போவார். "கம்பெனி விசாவுக்கு ரெண்டு மாசம் ஆகும், இப்ப விசிட்ல போங்க" என்பார்கள். முதலில் பாஸ்போர்ட்டும் அட்வான்ஸும், விசா வந்ததும் மீதி. மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். போய் இறங்கினால் துபாயின் தேரா பகுதியில் ஒரு பெட் ஸ்பேஸ் (பலர் தங்கும் ரூமில் படுக்க மட்டும் இடம்), "நாளைக்கு இன்டர்வியூ" என்ற பேச்சு. அப்புறம் ஏஜென்ட் போனை எடுக்கவே மாட்டார்.

பலரும் கவனிக்காமல் விடுவது ரசீதைத்தான். அதில் "டிக்கெட், விசிட் விசா, சர்வீஸ் சார்ஜ்" என்று மட்டும் இருக்கும். வேலை என்ற சொல்லே இருக்காது. டிக்கெட்டும் கொடுத்தார், விசாவும் கொடுத்தார். போலீசில் கேட்டால் "டூர் போகத்தான் ஏற்பாடு செய்தேன்" என்று தப்பித்துக்கொள்வார். ஏர்போர்ட்டில் "சுற்றிப்பார்க்கப் போறேன்னு சொல்லுங்க" என்று பழக்கிவிடுவதும் இதற்காகத்தான். அப்படிச் சொன்னால் பொய் சொன்னவர் நீங்கள் ஆகிவிடுகிறீர்கள்.

விசிட் விசாவை அங்கே போய் வேலை விசாவாக மாற்ற வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் வேலை கொடுக்கும் கம்பெனிதான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். இங்கே இருக்கும் டிராவல்ஸ்காரர் கையில் எதுவும் இல்லை. வேலைக்கான பெர்மிட் வரும் முன்பே சைட்டில் வேலைக்கு இறக்கிவிட்டால் அது சட்டவிரோத வேலை. விசா நாள் முடிந்துவிட்டால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பொதுமன்னிப்பு இருந்தது உண்மைதான். அடுத்தது வரும் என்று காத்திருந்தால் அபராதம்தான் வளரும்.

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈ.சி.ஆர். வகை, அதாவது எமிகிரேஷன் கிளியரன்ஸ் தேவைப்படும் வகை. அவர்கள் அமீரகம், சவுதி, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிகிரேஷன் கிளியரன்ஸ் என்ற இந்திய அரசின் அனுமதி வேண்டும். விசிட்டில் போனால் அது கிடையாது. அதோடு சேர்த்து எடுக்க வேண்டிய 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் கிடையாது. சாரத்திலிருந்து விழுந்தவரின் குடும்பம் இந்தக் காப்பீடு இல்லை என்று அப்போதுதான் தெரிந்துகொள்கிறது. இதைவிடக் கொடுமை வேறில்லை.

பாஸ்போர்ட்டைக் கொடுக்கும் முன்பே, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர்களைப் பதிவு செய்யும் இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்ட்டின் லைசென்ஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள். நடப்பில் இருக்கிறதா, காலாவதியா, சஸ்பெண்டா என்று காட்டும். பதிவில்லாத ஏஜென்ட்களின் பட்டியலும் அங்கேயே உண்டு. நம்பர் சரியாக இருந்தாலும் அத்தோடு விட்டுவிடாதீர்கள். வேறொருவரின் உண்மையான நம்பரை நோட்டீசில் அச்சடித்து, தங்கள் போன் நம்பரைக் கீழே போடுபவர்கள் நிறைய. தளத்தில் உள்ள போனுக்கே கூப்பிட்டு, "இந்த ஆள், இந்த வேலை உங்களுடையதா?" என்று கேளுங்கள். "அவங்களுக்கு நான் சப் ஏஜென்ட்" என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஒருவருக்கு சட்டத்தில் இடமே இல்லை. பதிவு பெற்றவர் அரசிடம் 50 லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம் கட்டியிருப்பார், சிறிய ஏஜென்ட் என்றால் 8 லட்சம். தொழிலாளி நடுத்தெருவில் நின்றால் அரசு கைவைக்க அந்தப் பணம் இருக்கிறது. பதிவில்லாதவரிடம் அப்படி எதுவும் கிடையாது.

பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதற்கு மேல் கேட்பவர் யாராக இருந்தாலும் சட்டத்தை மீறுகிறார். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், ரசீதில் வேலையின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பணம் கொடுக்காதீர்கள்.

கம்பெனியின் லெட்டர்பேடில் வரும் ஆஃபர் லெட்டரை மட்டும் நம்பாதீர்கள். அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டரில் ஒரு நம்பர் இருக்கும், அமைச்சகத் தளத்தில் சரிபார்க்கலாம். தமிழிலும் அது கிடைக்கும். அடிப்படைச் சம்பளம் தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் 5 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் சம்பளம் வீதம் கிராஜுவிட்டி (வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை) கணக்கிடுவது அதை வைத்துத்தான். மொத்தம் 2,000 திர்ஹாம் என்று பேசிவிட்டு, அடிப்படையை 600 என்று போடுவார்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வாட்ஸ்அப் பேச்சு, வாய்ஸ் மெசேஜ், நோட்டீஸ், பணம் போன விவரம் எதையும் அழிக்காதீர்கள். அங்கே மாட்டியிருப்பவர்கள் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் மதாத் (MADAD) என்ற புகார் தளத்தில் புகாரைப் பதியலாம். இங்கே உள்ள குடும்பம் 1800 11 3090 என்ற அரசு உதவி எண்ணில் பேசலாம். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். 1983 குடிபெயர்வுச் சட்டத்தில் வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். பாதிக்கப்பட்டவரோ அவருடைய பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்களோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. அதனால் ஊர்ப் பெரியவரோ சங்கமோ கையெழுத்துப் போடாமல் குடும்பத்தாரே போடுங்கள். "வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லி" என்ற வரியும் அந்தச் சட்டத்தின் 10, 24 பிரிவுகளும் புகாரில் கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஸ்டேஷனில் அதைக் கொடுக்கல் வாங்கல் தகராறு என்று எழுதி முடித்துவிடுவார்கள்.