பெங்களூரில் வெள்ளி மாற்றும் வழிகள்: ஏர்போர்ட் கவுன்டர் முதல் எம்.ஜி. ரோடு வரை

சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் உறவுக்காரர்கள் அலசூருக்கோ சிவாஜிநகருக்கோ வந்து சேர்வதற்குள் கொண்டுவந்த பணத்தில் ஒரு பங்கைத் தேவையில்லாமல் இழந்துவிடுகிறார்கள். கெம்பேகவுடா விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் இறங்கி, களைப்போடு, முதலில் கண்ணில் படும் கவுன்டரில் மொத்த வெள்ளியையும் (சிங்கப்பூர் டாலரைத்தான் அங்குள்ள தமிழர்கள் இப்படிச் சொல்கிறார்கள்) நீட்டுவதால் வரும் இழப்பு இது. அந்தக் கவுன்டர், எம்.ஜி. ரோட்டு மணி சேஞ்சர்கள், ஏடிஎம், வெளிநாட்டாருக்கான யுபிஐ வாலட் ஆகிய நான்கையும் இங்கே எடைபோட்டிருக்கிறோம். அளவுகோல் ஒன்றுதான்: எல்லாப் பிடித்தமும் போகக் கையில் எத்தனை ரூபாய் வருகிறது?

ஏர்போர்ட் கவுன்டரின் போர்டில் ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் 'பை', 'செல்' என்று இரண்டு விலை இருக்கும். இரண்டும் கடைக்காரர் பக்கத்திலிருந்து சொல்வது. வெள்ளியைக் கொடுத்து ரூபாய் வாங்குபவர் பார்க்க வேண்டியது 'பை' விலையை. அதுதான் குறைவாக இருக்கும். பலர் 'செல்' விலையைப் பார்த்து மனக்கணக்குப் போட்டுவிட்டு, கையில் வந்ததும் திகைக்கிறார்கள். 'கமிஷன் இல்லை' என்ற பலகையும் அப்படித்தான். கமிஷன் தனியாக இல்லை என்றால் அது விலைக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்.

கணக்குக்காக ஒரு சிங்கப்பூர் வெள்ளியின் நடுவிலை (சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ளது) 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 500 வெள்ளிக்கு 32,500 ரூபாய். ஒரு கவுன்டர் 59 ரூபாய்க்கு எடுத்தால் 29,500. ஊருக்குள் ஒரு கடை 64.20-க்கு எடுத்தால் 32,100. ஜிஎஸ்டி இரண்டு இடத்திலும் ஐம்பது ரூபாய்ச் சொச்சம்தான். ஆக, 2,600 ரூபாய் வித்தியாசம் முழுவதும் விலையிலிருந்து வருவது. ரசீதில் எந்த வரியிலும் அது கட்டணம் என்று எழுதப்பட்டிருக்காது. அதனால்தான் விலையைக் கேட்காமல் கைக்கு வரும் தொகையைக் கேட்கச் சொல்கிறோம்.

அந்த ஜிஎஸ்டி எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1 லட்சம் ரூபாய் வரை மாற்றினால், மாற்றிய தொகையில் 1 சதவீதம், குறைந்தது 250 ரூபாய், சேவையின் மதிப்பாக எடுத்துக்கொள்ளப்படும். அதன்மேல் 18 சதவீதம் வரி. எனவே மிகச் சிறிய தொகைக்கு 45 ரூபாய், முழு ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். இதைவிடப் பெரிய தொகையை 'டாக்ஸ்' என்று பிடித்தால் கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

இருந்தாலும் ஏர்போர்ட் கவுன்டரை ஒரேயடியாக ஒதுக்க முடியாது. சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்கள் பல இரவில்தான் இறங்குகின்றன; அந்நேரத்தில் ஊருக்குள் மணி சேஞ்சர் கிடையாது. வீட்டுக்குப் போகும் டாக்ஸிக்கும் அன்றிரவுச் செலவுக்கும் 50 வெள்ளி மாற்றினால் போதும். டிக்கெட் இல்லாமல் மறுபடி முனையத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால், உள்ளே இருக்கும் கவுன்டரிலா வெளியே பார்த்துக்கொள்வதா என்பதைக் கதவைத் தாண்டும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். விருந்தாளியை நீங்களே போய் அழைத்துவருவதாக இருந்தால் இந்த 50 வெள்ளியையும் அங்கே மாற்றத் தேவையில்லை.

மீதிப் பணத்துக்கு எங்கள் தேர்வு எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடு, கமர்ஷியல் ஸ்ட்ரீட் வட்டாரம். பர்ப்பிள் லைன் மெட்ரோவில் எம்.ஜி. ரோடு நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் பல கடைகள் இருப்பது பெரிய வசதி. போட்டி இருக்கிற இடத்தில்தான் நல்ல விலை கிடைக்கும். முதலில் ரிசர்வ் வங்கியின் உரிம நகல் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பாஸ்போர்ட்டை எடுக்காமலே கேளுங்கள்: "500 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தால் ஜிஎஸ்டி போக கையில எவ்வளவு சார் வரும்?" சொன்ன தொகையைக் குறித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள். மூன்றாவது கடையில் முந்தைய தொகையைச் சொன்னாலே சில பைசா ஏறும். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே முடித்துவிடுவது நல்லது.

மாற்றுகிறவர் நேரில் வர வேண்டும். பாஸ்போர்ட், விசா அல்லது ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது), எல்லாம் அசல் கையில் இருக்க வேண்டும். ஈ-விசா என்றால் அச்சடித்த தாளைக் கொண்டுபோவது நேரத்தை மிச்சப்படுத்தும். "மாமா, நீங்களே போய் மாத்திட்டு வந்துடுங்க" என்று விருந்தாளி பணத்தைக் கொடுத்தனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குள்ளேயே வெள்ளியை வாங்கிக்கொண்டு ரூபாய் கொடுப்பதும் சரியல்ல: உரிமம் இல்லாதவர்கள் தங்களுக்குள் அந்நியப் பணத்தை வாங்கி விற்பதை 1999-ம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அனுமதிப்பதில்லை. தெருவோரத்தில் அதிக விலை சொல்லிக் கூப்பிடும் ஆளிடம் போவதில் கள்ளநோட்டு அபாயமும் சேர்ந்துகொள்கிறது.

எந்த நோட்டு கொண்டுவருவது? அமெரிக்க டாலருக்கும் சிங்கப்பூர் வெள்ளிக்கும் நல்ல விலை கிடைக்கிறது. ரிங்கிட்டை எடுப்பார்கள், ஆனால் கடைக்குக் கடை வித்தியாசம் அதிகம். கூடுதலாக ஒரு கடை ஏறி இறங்குவது வீண்போகாது. இலங்கை ரூபாயைப் பல கடைகள் தொடுவதே இல்லை, யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருபவர்கள் டாலராக மாற்றிக்கொண்டு வருவதே மேல். சிங்கப்பூரின் 1,000 வெள்ளி நோட்டை அந்நாடு 2021-லிருந்து புதிதாக வெளியிடுவதில்லை. செல்லும் நோட்டுதான் என்றாலும், இங்கே அதை வாங்கத் தயங்குவார்கள். 50, 100 வெள்ளி நோட்டுகள் சிக்கலில்லாதவை. பேனாக் கிறுக்கல், கிழிசல், முத்திரை உள்ள டாலர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பழைய பயணத்தில் மிஞ்சிய 2,000 ரூபாய் நோட்டை எடுத்துவந்தால் கடைகளில் செலவழிக்க முடியாது. 2023 மே மாதம் அது புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது, இப்போது ரிசர்வ் வங்கி அலுவலகத்தின் வழியாகத்தான் மாற்ற வேண்டும்.

ரூபாயை வாங்கும்போது 100, 200 நோட்டாக ஒரு பகுதி கேளுங்கள். ஒட்டுப்போட்ட நோட்டு இருந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள், ஆட்டோக்காரர் வாங்கமாட்டார். ரொக்கமாகத் தரும் தொகைக்கு வரம்பு உண்டு: வெளிநாட்டுப் பயணிக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான். மருத்துவச் செலவுக்காகப் பெருந்தொகை கொண்டுவருபவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். நோட்டாக 5,000 டாலருக்கு மேலோ, மொத்த அந்நியச் செலாவணி 10,000 டாலருக்கு மேலோ இருந்தால், இறங்கியதும் சுங்கத்தில் அறிவிப்புப் படிவம் கொடுத்தாக வேண்டும்.

ஏடிஎம் இரண்டாமிடம் பெறுகிறது. வங்கி வலையமைப்பின் விலை பெரும்பாலும் ஏர்போர்ட் கவுன்டரைவிட நன்றாக இருக்கும். ஆனால் பல மிஷின்கள் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய்தான் தரும். தடவைக்குத் தடவை கட்டணம் என்பதால் சின்னச் சின்னதாக எடுத்தால் கட்டுப்படியாகாது. முக்கியமான கண்ணி, திரையில் வரும் ஒரு கேள்வி: வெள்ளியிலேயே கணக்கிட்டுக் கழிக்கட்டுமா என்று கேட்டு, ஒரு விலையையும் காட்டும். 'டிக்லைன் கன்வர்ஷன்' என்பதை அழுத்துங்கள். பணம் எடுப்பது ரத்தாகாது. மாற்று விலையை மிஷின் வங்கிக்குப் பதில் சொந்த நாட்டு வங்கி போடும், அவ்வளவே. கடையில் அட்டை தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், இதே பதில்தான்.

சிங்கப்பூர் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்புவதற்கு முன் வங்கிச் செயலியில் திறந்துவைக்க வேண்டும். இதை மறந்து வருபவர்கள்தான் அட்டை வேலை செய்யவில்லை என்று மிஷின் மாற்றி மிஷின் அலைகிறார்கள். அங்கெல்லாம் பின் எண் ஆறு இலக்கம். நான்கு இலக்கம் அழுத்தியதுமே அடுத்த திரைக்குப் போய்விடும் மிஷினை விட்டுவிட்டு வேறு வங்கியின் மிஷினைப் பாருங்கள். அட்டை உள்ளே சிக்கினால் கேட்க ஆள் வேண்டும், ஆகவே கிளையோடு ஒட்டிய ஏடிஎம், பகல் நேரம்.

யுபிஐ ஒன் வேர்ல்ட் வாலட் 2023-ல் ஜி20 நாட்டுப் பயணிகளுக்காகத் தொடங்கப்பட்டது. முதலில் வந்த மூன்று விமான நிலையங்களில் பெங்களூரும் ஒன்று. இந்திய வங்கிக் கணக்கு வேண்டாம். பாஸ்போர்ட், விசாவைச் சரிபார்த்து, வெளிநாட்டுப் பணத்தையோ அட்டையையோ கொண்டு நிரப்பித் தருகிறார்கள். கடைகளின் க்யூஆர் குறியில் செலுத்தலாம். சித்திக்கோ டிரைவரின் சொந்தக் கணக்குக்கோ அனுப்ப முடியாது. நிரப்பும்போதும் ஒரு மாற்று விலை உண்டு, அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தங்கி மால், ஹோட்டல், மருந்துக்கடை என்று செலவழிப்பவருக்குப் பயன்படும்; மூன்று நாள் கல்யாணத்துக்கு வருபவருக்கு வேண்டாம்.

இதை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. 2025 ஜூலையில் சிறு வியாபாரிகளுக்கு யுபிஐ வரவை வைத்து வரி நோட்டீஸ் போனபோது, பெங்களூரின் பல பெட்டிக்கடைகளிலும் பேக்கரிகளிலும் 'யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். பூக்காரம்மாவுக்கும் ஆட்டோவுக்கும் சில்லறை எப்போதும் பையில் இருக்கட்டும்.

எந்தக் கடையில் மாற்றினாலும் என்காஷ்மென்ட் சர்டிஃபிகேட்டை (வெளிநாட்டுப் பணத்தை ரூபாயாக மாற்றியதற்கான சான்று) கேட்டு வாங்கிப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். மிஞ்சிய ரூபாயைத் திரும்ப வெள்ளியாக்க அதுதான் ஆதாரம். அது இல்லையென்றால், ஏழு நாளுக்குள் கிளம்புவதற்கான டிக்கெட்டைக் காட்டி 10,000 ரூபாய் வரை மாற்றிக்கொள்ளலாம், அதுவும் கடைக்காரர் மனம் வைத்தால். திரும்ப மாற்றும்போது பார்க்க வேண்டியது 'செல்' விலை. அதையும் ஏர்போர்ட்டுக்கு வைத்துக்கொள்ளாமல், கிளம்பும் முன்தினம் எம்.ஜி. ரோட்டிலேயே முடித்துவிடுங்கள், டாக்ஸிக்கும் சாப்பாட்டுக்கும் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் மட்டும் நிறுத்திக்கொள்ளலாம்.