"டிஸ்க் போச்சு"ன்னு சொன்னா உடனே சிபியூவ விட்டுட்டு வராதீங்க, எனக்கு நடந்தத கேட்டுக்கிடுங்க

செங்கோட்டை, தென்காசி, புளியரை பக்கம் இருக்கவங்க, அங்கிட்டு ஆரியங்காவு, புனலூர் வரைக்கும் இருக்க நம்ம ஆளுங்க எல்லாரும் இத ஒரு தடவ முழுசா படிச்சிருங்க. நான் வீட்லருந்தே வைக்கோல் வியாபாரிங்க நாலு பேருக்கு கணக்கு பாக்கேன், தினமும் புளியரை தாண்டி கேரளாவுக்கு போற லோடு கணக்கு பூரா என் கம்ப்யூட்டர்ல டாலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்லதான் இருக்கு. அந்த கம்ப்யூட்டர் ஒரு நாள் காலைல ஆன் பண்ணினா விண்டோஸ் வரல. கறுப்பு ஸ்க்ரீன், மேல ஓரமா "எரர்: நோ சச் பார்ட்டிஷன்", அதுக்கு கீழ "க்ரப் ரெஸ்க்யூ"ன்னு போட்டு ஒரு கோடு மின்னிக்கிட்டு இருக்கு. அவ்ளோதான். என்ன அழுத்தினாலும் அங்கயே நிக்குது.

மகன் கொல்லத்துல காலேஜ் படிக்கான். அவன் பாடத்துக்காக இதுல விண்டோஸ் மாதிரி இன்னொரு ஓஎஸ், உபுண்டுங்கற லினக்ஸும் போட்டு வச்சிருந்தான். லீவுக்கு வந்தவன், அம்மாவுக்கு இடம் பத்தலயேன்னு விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போயி டிஸ்க்ல உபுண்டுக்குன்னு பிரிச்சிருந்த பகுதிய, அதான் பார்ட்டிஷன, டெலிட் பண்ணிட்டு, ஷட்டவுன் பண்ணி பஸ் ஏறிட்டான். மறுபடி ஆன் பண்ணிப் பாக்கல. அவன் நல்லது நெனச்சு செஞ்சதுதான், அவன குத்தம் சொல்ல மாட்டேன். திங்கக்கிழம காலைல அவனுக்கு பரீட்ச, போன் ஆஃப். மாசக் கடைசி, வியாபாரிங்க பில்லு கேட்டு நிக்காங்க. வேற வழி தெரியாம சிபியூவ ஆட்டோல வச்சு ஒரு கடைக்கு கொண்டு போனேன். கடை பேர போடல, புகார் குடுத்திருக்கேன், அது நடக்கட்டும்.

கடைக்காரர் ஆன் பண்ணினாரு, அந்த கறுப்பு ஸ்க்ரீன பாத்தாரு, ஒரு நிமிஷம் கூட ஆகல, "அக்கா, ஹார்ட் டிஸ்க் செத்துருச்சு"ன்னுட்டாரு. எனக்கு கை காலெல்லாம் வெலவெலத்துப் போச்சு. உள்ள இருக்கதுன்னு கேட்டேன். எடுத்துரலாம், ஆனா வெளியூர் அனுப்பணும், ரெக்கவரி 7,000 ஆகும், புது எஸ்எஸ்டி போடணும்னாரு. சரின்னு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டேன். அப்போ சாயங்காலம் மணி நாலே முக்கால் இருக்கும்.

ராத்திரி ஒம்பது மணிக்கு மகன் கூப்பிட்டான். வெவரம் சொன்னதும், "அம்மா டிஸ்க்குக்கு ஒண்ணும் இல்லம்மா, ஆன் பண்ணும்போது எஃப்12 அழுத்தி விண்டோஸ் பூட் மேனேஜர்னு இருக்கத தேர்ந்தெடுத்தா நேரா விண்டோஸ் வந்துரும், நாளைக்கு காலைல போயி முதல்ல அத வாங்கிட்டு வந்துரு"ன்னான். காலைல எட்டு மணிக்கே போன் போட்டேன், ஒண்ணும் தொட வேண்டாம் நான் வாரேன்னு. அதுக்கு அவரு, "டிஸ்க நாங்க தொடவே இல்லக்கா, நேத்தே வெளியூர் அனுப்பியாச்சு"ன்னுட்டாரு. அது பச்சப் பொய்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

ஒம்பது நாள் கழிச்சு கூப்பிட்டாங்க. செக்கிங் 500, 256 ஜிபி எஸ்எஸ்டி 3,200, ரெக்கவரி 7,000, விண்டோஸ் போட்டதுக்கு 600, மொத்தம் 11,300 ரூவா. ஒரு துண்டுச் சீட்டுல கையால எழுதித் தந்தாங்க, சீல் கிடையாது, ஜிஎஸ்டி கிடையாது. வீட்டுக்கு வந்து தொறந்து பாத்தா "ரெக்கப் டிர்" அப்டின்னு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு வரிசையா ஃபோல்டர், அதுக்குள்ள ஒவ்வொரு ஃபைலும் எஃப்னு ஆரம்பிச்சு ஏழு நம்பர். என் போட்டோ, எவனோட வெப்சைட்லருந்தோ வந்த சின்னச் சின்ன ஐகான், பழைய பிடிஎஃப், எல்லாம் ஒண்ணாக் கொட்டிக் கெடக்கு. டாலி ஃபோல்டர் இல்லவே இல்ல. அதக் கேட்டதுக்கு "கெடச்சது அவ்ளோதான்கா"ன்னு ஒரே பதில்.

புனலூர்ல எங்க அக்கா வீட்டு அத்தான் இருக்காங்க, கம்ப்யூட்டர் வேலதான் அவங்களுக்கு. போன்லயே அந்த ஃபோல்டர் பேரக் கேட்டதும் கண்டுபிடிச்சுட்டாங்க, இது போட்டோரெக்னு ஒரு சாஃப்ட்வேர் எடுத்துக் குடுக்கற பேரு, யாரு வேணா இலவசமா டவுன்லோட் பண்ணலாம், வெளியூர் லேபுக்கெல்லாம் அனுப்ப வேண்டிய வேலையே இல்லன்னாங்க. அந்தப் பழைய டிஸ்க வாங்கிட்டு வாம்மா, நான் பாக்கேன்னு சொன்னாங்க.

கடைக்குப் போனா "அது ஸ்க்ராப்புக்கு போயிருச்சு". நான் நகரல, கடை வாசல்லயே நின்னேன். சாரல் வேற அடிக்குது, சேலையெல்லாம் ஈரம். பத்து நிமிஷம் கழிச்சு கடைப் பையன் உள்ள இருந்து ஒரு டப்பாவ எடுத்து வச்சான், ஆறேழு டிஸ்க் கெடந்துச்சு. எது ஒங்களோடதுன்னு தெரியாதேன்னான். எனக்குத் தெரியும். முன்னால ஒரு தடவ கேபிள் மாத்தும்போது என் மகன் டிஸ்க் லேபிள்ல நீல மார்க்கர் வச்சு "அம்மா"ன்னு எழுதி வச்சிருந்தான். அடியில ரெண்டாவதா அது கெடந்துச்சு. எடுத்து பையில போட்டுட்டு வந்துட்டேன்.

அத்தான் அத யுஎஸ்பில மாட்டிப் பாத்தாங்க. டிஸ்க் நல்லாருக்கான்னு பாக்கற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவுல "குட்"னு நீலக் கலர்ல காட்டுது, ரீஅலோகேட்டட் செக்டார், அதான் கெட்டுப்போயி மாத்தி வச்ச எடம், ஒண்ணு கூட இல்ல. "டிஸ்க்குக்கு ஒரு குழப்பமும் இல்லம்மா"ன்னு மலையாளம் கலந்து அவங்க சொல்லும்போது எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேந்து வந்துச்சு. முன்ன சி 200, டி 200, உபுண்டு 65 ஜிபின்னு பிரிஞ்சிருந்த டிஸ்க் இப்போ ஒரே பார்ட்டிஷன், அதுல புதுசா விண்டோஸ். அந்த விண்டோஸ் இன்ஸ்டால் ஆன நேரம் என்ன தெரியுமா, நான் குடுத்த அன்னிக்கே சாயங்காலம் 6:40. செத்துப்போச்சுன்னு சொன்ன டிஸ்க்ல ரெண்டு மணி நேரத்துல ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டிருக்காங்க. வேற யாருக்கோ விக்கத்தான் வச்சிருந்தாங்கன்னு நான் நெனக்கேன்.

இதுல உண்மையில நடந்தது என்னன்னு அத்தான் வெளக்கினாங்க, எல்லாரும் தெரிஞ்சுக்கிட வேண்டியது. க்ரப்புங்கறதுதான் எந்த ஓஎஸ் வேணும்னு முதல்ல கேக்கற பூட் லோடர். அதோட சின்னத் துண்டு ஒண்ணு பூட் பண்றதுக்குன்னே இருக்க இஎஃப்ஐ பார்ட்டிஷன்ல இருக்கும், மெனு மத்ததெல்லாம் லினக்ஸ் பார்ட்டிஷன்ல இருக்கும். லினக்ஸ் பார்ட்டிஷன அழிச்சா சின்னத் துண்டு மட்டும் மிஞ்சி, மத்தது எங்கன்னு தேடி கெடைக்காம அந்த எரரக் காட்டுது. விண்டோஸும் நம்ம ஃபைலும் இருந்த எடத்துலயே பத்திரமா இருக்கும். என் போர்டு கிகாபைட், அதுக்கு எஃப்12. டெல்லுக்கும் அதான், ஹெச்பிக்கு எஃப்9, அசூஸ் போர்டுன்னா எஃப்8, எம்எஸ்ஐ எஃப்11. அதுல விண்டோஸ் பூட் மேனேஜர தொட்டா முடிஞ்சுது, அப்பறம் பயாஸ்ல, அதான் கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங்ல, போயி அதையே முதலாவதா வச்சுக்கிடலாம். இஎஃப்ஐ இல்லாம டிஸ்கோட முதல் துண்டுலருந்தே பூட் ஆகற பழைய எம்பிஆர் வகை கம்ப்யூட்டர்னா விண்டோஸ் பென்டிரைவ் போட்டு ரிப்பேருக்குள்ள கமாண்ட் ப்ராம்ப்ட்ல பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர் கமாண்டு. டிஸ்கோட முதல் 512 பைட்ல பூட் பண்ற கோடு 446 பைட், பார்ட்டிஷன் பட்டியல் 64 பைட், இந்தக் கமாண்டு கோட மட்டும்தான் புதுசா எழுதும், பட்டியல தொடாது. இதுக்குப் போயி யாராவது ஃபார்மட் பண்ணணும்னு சொன்னா சிபியூவ தூக்கிட்டு வந்துருங்க.

டிஸ்க் நெசமாவே போறதும் உண்டு, இல்லன்னு சொல்லல. டிக் டிக்னு சத்தம் வரும், பயாஸ்ல டிஸ்க் பேரே வராது, அப்போ ஆஃப் பண்ணி வச்சுருங்க, திரும்பத் திரும்ப ஆன் பண்ணாதீங்க. வேற கம்ப்யூட்டர்ல மாட்டும்போது ஃபார்மட் பண்ணட்டுமா, இனிஷியலைஸ் பண்ணட்டுமான்னு கேட்டா கேன்சல் குடுங்க. புது லேப்டாப்ல டிஸ்க பூட்டி வைக்கற பிட்லாக்கர் இருந்துச்சுன்னா 48 இலக்க ரெக்கவரி கீ வேணும், அத இப்பவே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல பாத்து ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கிடுங்க. கடைல குடுக்கற நிலம வந்தா டிஸ்க் லேபிள்ல இருக்க சீரியல் நம்பர போட்டோ எடுத்துட்டு, "டேட்டா வேணும், ஃபார்மட் பண்ணக் கூடாது"ன்னு பில்லுல எழுதச் சொல்லி கையெழுத்து வாங்குங்க. நான் வாங்கல, இப்போ அந்தத் துண்டுச் சீட்ட வச்சுக்கிட்டுதான் அலையுதேன்.

அத்தான் டிஸ்க அப்படியே இன்னொன்னுல காப்பி எடுத்து, அந்தக் காப்பில, அழிஞ்ச பார்ட்டிஷன தேடி எடுக்கற டெஸ்ட்டிஸ்க்ங்கற சாஃப்ட்வேர ஓட்டினாங்க. புது விண்டோஸ் டிஸ்கோட முன் பக்கத்துல உக்காந்ததால பழைய டி டிரைவ் கெடச்சிருச்சு, டாலி ஃபோல்டர் அதே பேரோட முழுசா வந்துச்சு. வியாபாரிங்ககிட்ட தல தப்பிச்சேன். சி டிரைவ் டெஸ்க்டாப்ல இருந்ததுதான் போச்சு. அங்கதான் எங்க அப்பா பேசினத வச்சிருந்தேன். 1956 நவம்பர் 1ல நம்ம தமிழ்நாட்டோட சேர்றதுக்கு முன்னாடி செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சில இருந்தப்போ அவங்க சின்னப் பையன், அந்தக் கதையெல்லாம் சொல்லச் சொல்லி போன்ல பதிவு பண்ணின பதினோரு ஆடியோ. அப்பா இப்போ இல்ல.

போட்டோரெக் எடுத்ததுல தேடித் தேடி பதினொண்ணையும் கண்டுபிடிச்சுட்டோம், ஆனா மூணுதான் முழுசா பாடுது. மத்த எட்டும் கொஞ்ச நேரம் ஓடி நின்னுருது. பணத்துக்கு தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் பதிஞ்சிருக்கேன், சரியா வரலன்னா நுகர்வோர் கமிஷன்தான், 5 லட்சம் வரைக்கும் அங்க கட்டணம் கிடையாது. பாதில நிக்கற அந்த எட்டு ஆடியோவும் எம்4ஏ ஃபைலு. பாதில நின்னுபோற எம்4ஏவ யாராவது சரி பண்ணிருந்தா எனக்கு சொல்லுங்க, டிஸ்க் காப்பி அத்தான்கிட்ட அப்படியே இருக்கு, அதுல இன்னும் ஒண்ணும் எழுதல.