கித்துல்கலயில் ஒரு வார இறுதி: நோனா லோக்கல், மாத்தயா ஃபொரின்

இலங்கை மலைநாட்டில் அட்டன் பக்கத்தில் பிறந்தவர்களுக்குக் கித்துல்கல என்பது கொழும்பு பஸ் டீக்கு நிற்கும் இடம், அவ்வளவுதான். வளைவுகளில் தலை சுற்றிப்போனவர்கள் இறங்கி முகம் கழுவி, இஞ்சி போட்ட பிளேன்டீ ஒன்றைக் குடித்து, கீழே ஓடும் களனி கங்கையை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறுவார்கள். அந்த ஆற்றங்கரையில் காசு கொடுத்துத் தங்கலாம், அதுவும் புருஷன் பெண்டாட்டி மட்டும் தனியாகப் போய்த் தங்கலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியிருக்காது. 2024 மார்ச்சில் டொரொண்டோவிலிருந்து ஊருக்குப் போனபோது, திருமண நாள் என்ற சாக்கில், பிள்ளைகளை டிக்கோயாவில் அம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் போனோம். அதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று, எது நன்றாக நடந்தது, எங்கே காசு கரைந்தது என்பதை எழுதுகிறேன்.

ஏன் கித்துல்கல? நுவரெலியா எல்லோரும் சொல்வது. ஆனால் அங்கே இருப்பது வாவியும் குளிரும், ஆறு இல்லை. பேராதனைப் பக்கம் மகாவலிக் கரையில் நல்ல ஹோட்டல்கள் இருக்கின்றன, விலை கண்டி விலை. கம்பளை, நாவலப்பிட்டி இரண்டும் மகாவலிக் கரை ஊர்கள்தான், ஆனால் அங்கே எங்களைத் தெரிந்தவர்கள் அதிகம். கைகோத்து நடந்தால் இரவுக்குள் அம்மாவுக்குத் தகவல் போய்விடும். கித்துல்கலயில் எங்களை யாருக்கும் தெரியாது. அட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாக இறங்கினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒன்று மட்டும், மலைநாடு என்று நினைத்து ஸ்வெட்டர் கட்டிக்கொண்டு போகாதீர்கள். அது மலையின் அடிவாரம். பகலில் நன்றாகவே புழுங்கும்.

அறை பிடித்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கனடாவில் இருந்தபடியே ஃபோனில் தேடியபோது எல்லாம் டொலரில் காட்டியது. அதே இடத்துக்கு என் தம்பி அட்டனிலிருந்து நேரே அழைத்துக் கேட்டபோது ரூபாயில் ஒரு விலை சொன்னார்கள். வித்தியாசம் சின்னது இல்லை. அப்புறம் நானே வாட்ஸ்அப்பில் அழைத்துச் சிங்களத்தில் பேசினேன். முதலாளி நிதானமான மனுஷன். நான் கேட்ட திகதியைச் சொன்னதும், "அக்கே, அந்த ஞாயிறு மெதின் போயா, அதுக்கு முதல் கிழமையே வாங்க" என்றார். அவர் சொன்னது சரி. மார்ச் 24 போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. போயாவுக்குச் சாராயக் கடை பூட்டு என்பது கூடப் பெரிய விஷயமில்லை. மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் போகும் காலம். கொழும்புப் பக்கத்திலிருந்து, மலையேறத் தொடங்கும் நல்லதண்ணிக்குப் போகும் பஸ்களில் ஏராளமானவை இந்த ரோட்டில்தான் ஏறும். போயா வார இறுதியென்றால் ரோடே நகராது. அவர் நினைத்திருந்தால் அன்றைக்கே கூடிய விலைக்கு அறையைத் தந்திருக்கலாம். தேடும் இணையத்தளம் எதுவும் இந்த மாதிரிப் புத்தி சொல்லாது.

அட்வான்ஸ் கட்டுவதில் ஒரு சிக்கல். உள்ளூர் பேங்க் கணக்கில் காசு போட்டு, ஸ்லிப்பைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அதுதான் அங்கே எழுதப்படாத சட்டம். வெளிநாட்டிலிருந்து அதைச் செய்வது தலையிடி. தம்பி தன் ஃபோனிலிருந்தே போட்டு முடித்தான். ஊரில் ஓர் ஆள் இருந்தால் அவர் மூலம் கட்டுங்கள். கட்டுமுன் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: சொல்லும் விலையில் வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்திருக்கிறதா, சுடுதண்ணீர் சோலாரா கரண்டா, சனிக்கிழமை பகலுக்கு மட்டும் வந்துபோகும் டே அவுட் கூட்டம் வருகிறதா. முதலாவது ஏனென்றால், 10 சதவீதம் சேவைக் கட்டணம், மேலே 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம் வற் வரி. இருபத்தைந்தாயிரம் என்று கேட்ட அறை பில்லில் முப்பதைத் தாண்டி நிற்கும். வற் வரிக்குப் பதியாத சின்ன இடங்களில் அந்தப் பாரம் இல்லை. நாங்கள் தங்கியது அப்படி ஓர் இடம்.

போக்குவரத்துக்கு ஹயர் கார் பேசினோம். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று பேசும்போதே, டிரைவரை இரவுக்கு நிறுத்தினால் அவருக்குப் பட்டாவும் (நாள் படியும்) தங்க இடமும் உங்கள் தலையில் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு நாளும் காரை நிறுத்தி வைப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. கொண்டுபோய் விட்டுவிட்டு வரச்சொல்லி, திரும்ப வேறாகப் பேசுவது மலிவு. எங்கள் வீட்டுக்காரருக்கு அரசாங்கச் சிவப்பு பஸ்ஸில் போக ஆசை. அவர் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர், கினிகத்தேனை வளைவுகளைப் பற்றி அவருக்குத் தெரியாது. நான் விடவில்லை.

வரவேற்பு மேசையில் நடந்ததுதான் இந்தப் பயணத்தின் வேடிக்கை. எனக்கு இரட்டைப் பிரஜாவுரிமை, பழைய அடையாள அட்டையும் கையில் இருக்கிறது. அவருக்குக் கனடா பாஸ்போர்ட் மட்டும். மேசையில் இருந்த பிள்ளை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்களைப் பார்த்து, மறுபடி இரண்டையும் பார்த்தது. "நோனா லோக்கல். மாத்தயா ஃபொரின்" (அம்மா உள்ளூர், ஐயா வெளிநாடு) என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தது. உள்ளேயிருந்து முதலாளி வந்து ஒரு தீர்ப்புச் சொன்னார்: அறைக்கும் சாப்பாட்டுக்கும் இருவருக்கும் லோக்கல் ரேட், ஆற்றில் ரப்பர் படகு விடும் ராஃப்டிங் வேறு ஆட்கள் நடத்துவது, அதில் மாத்தயாவுக்கு ஃபொரின் ரேட்தான். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "ஆத்துக்குள்ள தள்ளுறதுக்கு மட்டும் டொலரோ?" என்றார். என் அட்டையையும் அவருடைய பாஸ்போர்ட்டையும் ஃபோட்டோகொப்பி எடுத்தார்கள். கல்யாணச் சான்றிதழ் கேட்கவில்லை. சில இடங்களில் சோடியாகப் போனால் கேட்பதாகத் தம்பி மனைவி பயமுறுத்தியிருந்தாள். ஃபோனில் ஒரு படம் வைத்துக்கொண்டால் வம்பில்லை.

அறை என்றால் கபானா. மரத்தூண் மேல் நின்றது, முன்னால் சின்ன வராந்தா, அதற்கு நேர் கீழே ஆறு. திருமண நாள் என்று சொல்லியிருந்ததால் கட்டிலை அலங்கரித்திருந்தார்கள்: துவாயில் மடித்த இரண்டு அன்னம், சுற்றிலும் செவ்வரத்தம் இதழ், நடுவில் பச்சை இலையைக் கிள்ளிக் கிள்ளி ஒட்டி எழுதிய வாழ்த்து. எழுத்தில் ஒன்று விடுபட்டிருந்தது. இடம் போதவில்லை போல. அழகாகத்தான் இருந்தது. ஆனால் இதழோடு எறும்பும் வந்திருந்தது. சின்னச் சிவப்பு எறும்பு, வரிசையாக அன்னத்தின் கழுத்தில் ஏறித் தலையணைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சொன்னதும் ஐந்து நிமிடத்தில் விரிப்பை மாற்றிவிட்டார்கள். அலங்காரம் வேண்டாம் என்று சொல்ல மனமில்லாதவர்கள், பூவைக் கட்டிலில் போடாமல் மேசையில் போடச் சொல்லலாம்.

இனி ஆறு. டிக்கோயாவில் எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) கீழே ஓடும் கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. இடையில் அந்தத் தண்ணீரை சும்மா விடுவதில்லை. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களில் தேக்கி, லக்ஷபான, பொல்பிட்டிய என்று ஒவ்வொரு மின்நிலையமாகச் சுற்ற வைத்துத்தான் கீழே அனுப்புகிறார்கள். கித்துல்கலக்குச் சற்று மேலே 35 மெகாவாட் புரோட்லண்ட்ஸ் நிலையமும் வந்துவிட்டது. அதனால் இங்கே ஆற்றின் அளவை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. மார்ச் மாதம் வரட்சி, காலையில் கல் தெரியும். மேலே தண்ணீர் திறந்தால் அதே கல் காணாமல் போகும். ராஃப்டிங் பையன்களிடம் "எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் அவர்கள் தண்ணீர் வரும் நேரத்தைத்தான் சொல்வார்கள். முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

குளிக்கப் போகிறவர்களுக்கும் இதுதான் ஆபத்து. முழங்காலளவு என்று இறங்கிய இடம் கொஞ்ச நேரத்தில் இடுப்புக்கு மேல் வந்துவிடும், இழுப்பும் பலம். கரையில் நான் பார்த்த எச்சரிக்கைப் பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் இருந்தன. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாகிவிட்டது. தேயிலைத் தோட்டங்களிலிருந்து வான் கட்டிக்கொண்டு குளிக்க வரும் எங்கள் ஆட்களில் தமிழ் மட்டும் வாசிப்பவர்கள் எத்தனை பேர். இதை முதலாளியிடம் சொன்னேன். தலையாட்டினார்.

ராஃப்டிங் ஐந்து கிலோமீற்றர் அளவு. ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் போட்டு, முதலில் அமைதியான இடத்தில் துடுப்புப் பிடிக்கப் பழக்கிவிட்டுத்தான் இறக்கினார்கள். ஜாக்கெட்டின் பட்டியை ஒவ்வொருவருக்கும் அந்தப் பையனே இழுத்துப் பார்த்தான். இழுத்துப் பார்க்காதவனோடு ஏறாதீர்கள். வீட்டுக்காரர் முதல் சுழிப்பில் கத்திய கத்தல் அக்கரை வரை கேட்டிருக்கும். 1957இல் வந்த ஹாலிவுட் யுத்தப் படம் ஒன்றுக்காக இங்கே மரப்பாலம் கட்டி, ரயிலோடு சேர்த்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தைக் காட்டுகிறேன் என்று ஆட்கள் வருவார்கள். மிச்சம் இருப்பது அத்திவாரம்தான். பேரம் பேசிவிட்டுப் போங்கள். அக்கரையில் மாக்கந்தாவ காடு, காலை நடைக்கு நல்லது. அட்டை கடிக்கும். எங்களுக்கு அது பழக்கம், யாழ்ப்பாணத்துக்காரருக்கு இல்லை.

சனிக்கிழமைதான் குறை. பத்து மணிக்கு டே அவுட் பஸ் ஒன்று வந்து நின்றது, கொழும்பிலிருந்து ஏதோ கம்பெனி ஆட்கள். பஸ்ஸோடு பெரிய ஸ்பீக்கர். பின்னேரம் வரை பைலாப் பாட்டு. ஃபோனில் கேட்டபோது "சின்ன குரூப் ஒன்று" என்றுதான் சொல்லியிருந்தார்கள். குற்றம் சொல்லவும் முடியாது, அந்த இடத்துக்கு வருமானமே சனிக்கிழமை. காதல் பயணம் என்று போகிறவர்கள் ஞாயிறு பின்னேரம் போய்ச் செவ்வாய் திரும்புவது நல்லது. அறை விலையும் இறங்கும், ஆற்றின் சத்தமும் கேட்கும். லீவு எடுக்க முடியாத உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லவில்லை. ஊருக்கு வந்திருக்கும் நமக்கு எல்லா நாளும் லீவுதானே.

அந்தச் சத்தத்திலிருந்து எங்களைக் காப்பாற்றியவன் சாப்பாடு பரிமாறிய பையன். வெள்ளிக்கிழமை முழுக்க எங்களோடு சிங்களத்திலேயே பேசினான். சனி காலை, கட்டச் சம்பல் உறைக்கிறது என்று இவர் என்னிடம் தமிழில் முணுமுணுத்தது காதில் விழ, குனிந்து மெதுவாக, "அக்கா, நீங்க அட்டன் பக்கமா?" என்றான். அவன் எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அதன் பிறகு கவனிப்பே வேறு. பஸ் கூட்டம் சாப்பிட வரும் நேரத்தைச் சொல்லி, அதற்கு முன்னமே ஆற்றோரம் கடைசி மேசையில் எங்களுக்குச் சோறு போட்டான். அவித்த பலாக்காய், கங்கை மீன், பருப்பு, பிறகு கித்துள் பாணியோடு தயிர். சேவைக் கட்டணம் உங்களுக்குக் கிடைக்கிறதா என்று கேட்டேன். மாதக் கடைசியில் பொயின்ட் கணக்கில் பிரிப்பார்களாம். புதிதாகச் சேர்ந்தவனுக்குப் பொயின்ட் குறைவு. ஆகவே டிப்ஸைப் பில்லோடு வைக்காமல் கையில் கொடுங்கள்.

அவனிடம் பேசியபின் மனதில் ஒரு கணக்கு ஓடியது, நிறுத்த முடியவில்லை. அப்போது தோட்டத்தில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய். எங்கள் அறையின் ஓர் இரவு வாடகை, என் அம்மா மாதிரி ஒரு பெண் மாதம் முழுக்க மலையேறிக் கொழுந்து பறித்தால் வரும் காசுக்குக் கிட்ட. லோக்கல் ரேட் என்றாலும் அது எந்த லோக்கலுக்கு என்று யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. அதற்காக நாங்கள் அனுபவிக்காமல் வரவில்லை. அம்மா வாடகை கேட்டபோது பாதியைச் சொன்னேன். அதற்கே வாயில் கை வைத்தார்.

பில் கட்டும்போது ஒரு வார்த்தை. கார்டு என்றால் நூற்றுக்கு மூன்று கூடுதல் என்றார்கள். காசாகக் கொடுத்தோம், அட்டனிலேயே எடுத்து வைத்திருந்தோம். வாங்காத இரண்டு சோடா பில்லில் இருந்தது, காட்டியதும் மன்னிப்புக் கேட்டு வெட்டிவிட்டார்கள். வரிவரியாகப் பார்த்துக் கட்டுவதில் வெட்கமே வேண்டாம்.

ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு மலையேறும் வாகனங்கள் கூடும் என்பதால் பதினொரு மணிக்கே புறப்பட்டோம். கினிகத்தேனையில் ஒரு பிளேன்டீ. ஒரு மணிக்கு டிக்கோயா. பிள்ளைகள் எங்களைத் தேடியதாகத் தெரியவில்லை. இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்திருக்கலாமே என்று மூத்தவள் கேட்டாள்.