உள்ளே ஸ்லாட்டா, வெளியே கேபிளா?

தொழில்முறைப் பணிக்குப் புதிய மேசைக் கணினி வாங்குவோர், உள்ளே கூடுதல் அட்டைகளைச் செருகும் ஸ்லாட்டுகள் உள்ள டவரா, வெளிச் சாதனங்களைக் கேபிளில் இணைக்கும் அதிவேகத் தண்டர்போல்ட் போர்ட்டுகளை நம்பும் சிறிய பெட்டியா என்று தயங்குகிறார்கள். ஆப்பிள் நிறுவனமே இரு பக்கமும் நின்று பார்த்தது: அதன் தொழில்முறை மேசைக் கணினியான மேக் ப்ரோவின் 2013 மாதிரியில் விரிவாக்க ஸ்லாட்டே இல்லை, ஆறு தண்டர்போல்ட் 2 போர்ட்டுகள் இருந்தன, 2019 மாதிரியிலோ எட்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் (அட்டைகளைக் கணினியோடு இணைக்கும் பொதுத் தரம்) ஸ்லாட்டுகள் திரும்பி வந்தன.

வேகம்
டவர்: நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸின் 16 தட (தரவு செல்லும் 16 வழிகள் கொண்ட) ஸ்லாட் ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறத்தாழ 32 ஜிகாபைட் கடத்தும்.
சிறிய பெட்டி: தண்டர்போல்ட் 4 நொடிக்கு 40 ஜிகாபிட், அதாவது 5 ஜிகாபைட் மட்டுமே தரும், ஒலிப்பதிவுக் கருவிக்கும் வெளி வட்டுக்கும் அது தாராளம், கிராபிக்ஸ் அட்டைக்குக் குறுகிய வழி.

செலவு
டவருக்கு முதலிலேயே மொத்தமாகக் கொடுக்கிறோம்.
சிறிய பெட்டிக்கு வட்டையோ அட்டையையோ வைக்கும் வெளி உறை, அடாப்டர், கேபிள் என்று பின்னர் சிறுகச் சிறுகக் கொடுக்கிறோம். மேசையின் நெரிசல் தனி.

ஆயுள்
டவரில் நினைவகத்தையும் அட்டைகளையும் மாற்றி ஆண்டுகளை நீட்டிக்கலாம் என்பது பொதுவாக உண்மையே ஆனாலும், 2023 மேக் ப்ரோ ஸ்லாட்டுகள் இருந்தும் நினைவகத்தைக் கூட்ட இடந்தருவதில்லை, தனி கிராபிக்ஸ் அட்டையையும் ஏற்பதில்லை. எனவே ஸ்லாட்டுகளை எண்ணுவதைவிட அவை எந்த அட்டைகளை ஏற்கும் என்று விசாரிப்பதே முக்கியம்.
வெளிச் சாதனங்களோ அடுத்த கணினிக்கும் உடன்வரும்.

முப்பரிமாண ரெண்டரிங் (மாதிரிகளிலிருந்து படங்களை உருவாக்கும் பணி) செய்வோருக்கும் பல அட்டைகள் தேவைப்படுவோருக்கும் டவர் பொருந்தும். இசை, எழுத்து, நிழற்படப் பணிகளுக்குச் சிறிய பெட்டியே போதும்.